வெள்ளிக்கிழமை அக்கா

கல்லூரியில் அவளை நாங்கள் ‘மைக்’ என்றுதான் கூப்பிடுவோம். கேலிதான். அவள் பேசினால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கே பாதிதான் கேட்கும். வருகைப் பதிவு எடுக்கும்போது அவள் சொன்ன ‘உள்ளேன்’ பேராசிரியருக்கு எட்டாமல், வகுப்பில் இருந்துகொண்டே வாரத்துக்கு இரண்டு நாள் வராதவள் ஆகிவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் அரசுப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பாடம் நடத்தப் பெயர் கொடுத்துவிட்டாள் என்றதும் வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு, அவள் தனியாகப் போக வேண்டாமே என்று என் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த ஏற்பாடு அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. எங்கள் மக்கள் இந்த ஊருக்கு வந்து நான்கு தலைமுறை ஆகிறது. மலையைக் குடைந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் சுரங்கத்தைத் தோண்டுவதற்காக அழைத்து வரப்பட்டவர்கள். பாடப்புத்தகத்தில் அந்தச் சுரங்கத்தைப் பற்றி மூன்று பக்கம் இருந்தது. திட்டம் போட்ட பொறியாளரின் படம் இருந்தது. எங்களைப் பற்றி ஒரே ஒரு வரி: ‘இப்பணியில் வெளியிலிருந்து வந்த கூலியாட்களும் ஈடுபடுத்தப்பட்டனர்.’ அவ்வளவுதான். எந்த மக்கள், எங்கிருந்து, எத்தனை பேர், என்ன ஆனார்கள், ஒன்றும் கிடையாது.

பதினான்கு வருடம் மனுக் கொடுத்து, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, கடைசியில் ஓர் உத்தரவு வந்தது. அரசுப் பள்ளிகளில் ஏழாம் வகுப்புக்கு வாரத்தில் ஒரு பாடவேளை, அந்தந்த மக்களின் வரலாற்றையும் பண்பாட்டையும் சொல்லிக்கொடுக்கலாம். உத்தரவு வந்ததே தவிர, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அதற்குத்தான் கல்லூரி மாணவர்கள். எங்கள் கல்லூரியில் பொறுப்பேற்றுக்கொண்டவர் ஒரு பேராசிரியை; மனுக் கொடுத்தவர்களில் முன்வரிசையில் நின்றவர். நாங்கள் அவரை மேடம் என்போம். எனக்கும் மைக்குக்கும் ஒரே பள்ளிக்கூடம் கிடைத்தது. அவளுக்கு ஏழு ‘அ’, எனக்கு ஏழு ‘ஆ’. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை. ஆசிரியர்கள் அறையில் எங்களுக்கு நாற்காலி கிடையாது. மணி அடிக்கும்வரை மாடிப்படியில் உட்கார்ந்திருப்போம்.

அவளுடைய அப்பா தண்ணீர் வாரியத்தில் வால்வு திறப்பவர். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் என்பது அவர் கையில் இருந்தது. அம்மா வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பார். இரண்டு பேரும் அதிகம் பேசாதவர்கள். மூன்று பேர் இருந்தும் அந்த வீட்டில் தையல் மெஷின் சத்தம்தான் கேட்கும். அவள் படித்தது புள்ளியியல். வரலாற்றுக்கும் அவளுக்கும் அதுவரை எந்தச் சம்பந்தமும் இல்லை.

முதல் வெள்ளிக்கிழமை நடந்ததை அவளே என்னிடம் சொன்னாள். பிள்ளைகள் விளையாட்டுப் பாடவேளை முடிந்து வியர்வையோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். மேடம் தந்த அச்சடித்த தாளைப் பார்த்து இவள் வாசிக்கத் தொடங்கியிருக்கிறாள். இரண்டாவது பெஞ்சுக்கு அந்தப் பக்கம் எதுவும் கேட்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் ரப்பர் எறிந்து விளையாட, முன்னால் இருந்தவர்கள் பாவம் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எப்படியாவது வகுப்பைத் தன் பக்கம் திருப்ப வேண்டுமே என்ற தவிப்பில் அவள் தாளை மடித்து வைத்துவிட்டு, இந்த வகுப்பில் நம் ஆட்கள் யார் யார், கை தூக்குங்கள் என்று கேட்டாள்.

தயங்கித் தயங்கி ஏழு கைகள் எழுந்தன. ஜன்னலோரம் இருந்த ஒருத்தி எழுந்து, மூன்றாவது பெஞ்சைக் காட்டி, “அவளும்தான் அக்கா. அவங்க அம்மா கடையில அப்படிப் பேசுறதை நான் கேட்டிருக்கேன்” என்றாள்.

வகுப்பு மொத்தமும் மூன்றாவது பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது. அங்கே இருந்த சிறுமி இல்லை என்று தலையாட்டினாள். மைக் அவள் பக்கத்தில் போய்க் குனிந்து, ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, “இதுல வெட்கப்பட என்னம்மா இருக்கு?” என்றாள். சிறுமி அழவில்லை. பென்சில் டப்பாவைத் திறந்து உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே எடுத்து, ஒவ்வொன்றாக மறுபடி அடுக்கத் தொடங்கினாள். மணி அடிக்கும்வரை அதையே செய்துகொண்டிருந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மூன்றாவது பெஞ்சில் அந்த இடம் காலியாக இருந்தது. அதற்கடுத்த வாரமும்.

ஏழு ‘அ’வின் வகுப்பாசிரியர் கணக்கு வாத்தியார். கையில் எந்நேரமும் ஓர் அடி நீளத்தில் மரஸ்கேல் வைத்திருப்பார், ஆனால் யாரையும் அடித்ததாக நினைவில்லை. பிள்ளைகள் அவரை ஸ்கேல் சார் என்பார்கள். எங்கள் பாடவேளைக்காகத் தம்முடைய கணக்குப் பாடவேளை ஒன்றைப் பறிகொடுத்தவர் என்பதால் எங்கள்மேல் அவருக்குப் பெரிய பிரியம் ஒன்றும் இல்லை. மைக் அவரிடம் போய் அந்தச் சிறுமி ஏன் வரவில்லை என்று கேட்டாள். உங்கள் முதல் வகுப்போடு நின்றவள்தான் என்றார் அவர். குற்றம் சாட்டும் குரலில் அல்ல, வருகைப் பதிவேட்டைப் பார்த்து வாசிப்பதுபோல. பிறகு ஒரு சீட்டில் முகவரி எழுதிக் கொடுத்தார்.

வீடு ஒரு டயர் கடைக்குப் பின்புறம், இரும்புப் படி ஏறிப் போகிற மாடியில் ஒற்றை அறை. என்னையும் கூட்டிக்கொண்டுதான் போனாள். கதவைத் திறந்தது சிறுமியின் அம்மா. அலுவலகக் கட்டடங்களில் துடைத்துப் பெருக்கும் வேலை அவருக்கு. விடிவதற்கு முன்னால் போய் மத்தியானம் திரும்புவார். முதலில் ஊர்மொழியில் யார் வேண்டும் என்றார். மைக் எங்கள் மொழியில் தன்னை இன்னார் என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது. படியில் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு எங்களை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்.

உள்ளே ஒரு கட்டில், ஓர் அடுப்பு, சுவரில் மாட்டிய கண்ணாடி. சிறுமி கட்டிலின் மூலையில் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். மைக் மன்னிப்புக் கேட்டாள். அதையும் அவள் வழக்கமான குரலில்தான் சொன்னாள். அந்த அம்மாவுக்குக் கேட்டதா என்பதே சந்தேகம். எல்லாரும் பெருமைப்பட வேண்டும் என்றுதான் இந்த வகுப்பே வந்திருக்கிறது, பிள்ளை பயப்பட வேண்டியதில்லை என்று மேடம் சொல்லிக்கொடுத்த மாதிரி ஏதோ சொல்லிப் பார்த்தாள்.

அந்த அம்மா முடியட்டும் என்று காத்திருந்தார். பிறகு சொன்னார்: “நீ நல்ல பொண்ணு. கெட்ட எண்ணத்துல கேக்கலன்னு எனக்குத் தெரியும். ஆனா கை தூக்கச் சொன்னியே, யார் யாரு கை தூக்குறாங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தவங்க யாருன்னு உனக்குத் தெரியுமா?”

மைக் கட்டிலின் மூலையைத் திரும்பிப் பார்த்தாள்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்த கலவரம் எங்களுக்கும் தெரியும். நாங்கள் அப்போது சிறுபிள்ளைகள்; வாரியக் குடியிருப்புக்குள் இருந்ததால் எங்கள்வரை அது வரவில்லை. இந்த அம்மா இருந்த தெருவுக்கு வந்தது. அவருடைய அண்ணன் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தவர். அச்சகத்தில் வேலைக்காரர்களின் விவரம் எழுதிய பதிவேடு ஒன்று உண்டு. பெயர், வயது, முகவரி, கடைசியாக இனம். அதை யாரோ ஒரு தாளில் பார்த்து எழுதி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

“எழுதியிருந்த வரிசையிலேயே வந்தாங்க,” என்றார். “எங்க வீடு நாலாவது. முதல் வீட்ல சத்தம் கேட்டப்போ வேற யாருக்கோன்னு நினைச்சோம். மூணாவது வீட்ல கதவை உடைக்கிறப்போதான் புரிஞ்சுது. அண்ணன் எங்களைப் பின்பக்கமா அனுப்பிட்டு, சட்டையைப் போட்டுக்கிட்டு, தானா போய்க் கதவைத் திறந்தாரு.”

அடுப்பில் இருந்த பாத்திரத்தை இறக்கி வைத்தார். பிறகு, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது மகளுக்கு ஊர்ப்பெயர்போல ஒரு பெயர் எழுதியதையும், வெளியே நம் மொழியில் பேசாதே என்று அவளுக்குச் சொல்லிவைத்ததையும், அவசரத்தில் தாமே ஒரு நாள் கடையில் வாய்தவறிப் பேசிவிட்டதையும் சொன்னார். யார்மேலும் கோபம் இல்லாமல்தான் சொன்னார். நாங்கள் கிளம்பும்போது, “நீங்க ரெண்டு வருஷம் சொல்லிக்குடுத்துட்டு போயிடுவீங்க. என் பொண்ணு அங்கேயேதான் இருக்கணும்” என்றார்.

இரும்புப் படியில் இறங்கி வந்து டயர் கடை வாசலில் நின்றோம். இனிமேல் போக வேண்டாம், பெயரைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். அவள் காதில் அது விழவே இல்லை.

அடுத்த பதினொரு சனிக்கிழமைகள் அவளைக் கல்லூரிப் பக்கம் பார்க்க முடியவில்லை. அவள் அப்பா வாரியத்தில் யாரையோ பிடித்து அனுமதி வாங்கித் தந்திருந்தார். வாரியத்தின் பழைய கிடங்கில், துருப்பிடித்த மீட்டர்களுக்கு நடுவே, சுரங்கம் தோண்டிய நாளின் ஆள் பதிவேடுகள் கிடந்தன. அதில் பெயர் கிடையாது. எண், வயது, உயரம், உடம்பில் இருந்த அடையாளம், என்ன வேலை, கடைசியில் குறிப்பு. குறிப்பில் பெரும்பாலும் ஒரே சொல்: ‘இறந்தான்’, ‘போனான்’, ‘தெரியவில்லை’. அவள் ஒவ்வொன்றாகத் தாளில் பார்த்து எழுதினாள். பதிவேடுகளை வீட்டுக்குக் கொண்டுவந்த நாட்களில், கண் வலித்தால் அவள் அப்பா வாசிக்க, அவள் எழுதுவாளாம். அவர் அவ்வளவு நேரம் வாய் திறந்து பேசி அப்போதுதான் கேட்டேன் என்று அவளுடைய அம்மா என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

வகுப்பில் அச்சடித்த தாள் போய்விட்டது. யார் எந்த ஆள் என்ற கேள்வியும் போய்விட்டது. பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும், எந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும், பதிவேட்டிலிருந்து ஒருவரைக் கொடுத்தாள். இவர் உன் பொறுப்பு, இவரைப்பற்றி என்னென்ன தெரிந்துகொள்ள முடியும் என்று கண்டுபிடித்து வா என்பாள். ஒருவனுக்குக் கிடைத்த ஆளுக்கு வயது பதினாறு, உயரம் நாலரை அடி. அவன் சுவரில் கோடு போட்டு அளந்து பார்த்துவிட்டு, “என்னைவிடக் குள்ளம் அக்கா, இவரு எப்படிப் பாறை உடைச்சாரு?” என்று கேட்டான். இன்னொருத்தியின் ஆளுக்குக் குறிப்பு எழுதியிருந்த தேதியில் மொத்தம் ஒன்பது பேருக்கு ‘இறந்தான்’ என்று இருந்ததை அவள் மற்றவர்களுடைய தாள்களை வைத்துக் கண்டுபிடித்தாள். அன்றைக்கு என்ன நடந்தது என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அந்த வாரத்திலிருந்து பிள்ளைகள் எங்களை மாடிப்படியில் கண்டதும் ‘வெள்ளிக்கிழமை அக்கா வந்தாச்சு’ என்று ஓடிவருவார்கள். என்னைக் கண்டு அல்ல. நான் அச்சடித்த தாளைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

இந்த நேரத்தில்தான் படிவம் பிரச்சினை வந்தது.

மாதக் கடைசியில் நாங்கள் ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். எத்தனை வகுப்பு எடுத்தோம், எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், அதன் கீழே இனவாரியாக எண்ணிக்கை. முதல் மாதம் அவளும் நிரப்பித்தான் கொடுத்தாள். டயர் கடை மாடிக்குப் போய் வந்த பிறகு அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டாள். ஒரு மாதம் யாரும் கவனிக்கவில்லை. இரண்டாவது மாதம் மேடம் எங்கள் இரண்டு பேரையும் தம் அறைக்குக் கூப்பிட்டார்.

மேடத்தைக் கெட்டவராகக் காட்ட எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்த அறையில் தரையிலிருந்து ஜன்னல்வரை அடுக்கியிருந்த கோப்புகள் எல்லாம் அவர் கொடுத்த மனுக்கள். அவர் சத்தம் போடவில்லை. “இத்தனை வருஷமா அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? உங்க பிள்ளைங்க எத்தனை பேரு, கணக்கைக் காட்டுங்கன்னாங்க. நம்மகிட்ட கணக்கு இல்ல. எண்ணலன்னா நாம இல்லன்னு ஆயிடும்மா. நீ புள்ளியியல் படிக்கிறவ, உனக்கா நான் சொல்லணும்?” என்றார்.

“எண்ணுறது தப்புன்னு சொல்லல மேடம்,” என்றாள் மைக். “அந்தத் தாள் கடைசியில யார் கைக்குப் போகும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதான்.”

படிவம் முழுதாக இல்லாவிட்டால் திட்டத்தையே நிறுத்திவிடுவார்கள் என்று மேடம் சொன்னார். அது மிரட்டல் இல்லை, உண்மை. மைக் நிரப்ப மாட்டேன் என்றாள். மேடம் என் பக்கம் திரும்பி, உன் படிவம் எங்கே என்று கேட்டார். நான் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கட்டம் நிரம்பியிருந்தது. பதினொன்று என்று எழுதியிருந்தேன்.

வெளியே வந்து நடந்தோம். நூலக வாசலில் அவள் நின்று, “பேரு எழுதினியா?” என்று கேட்டாள். பெயர் கேட்கவில்லை, எண்ணிக்கை மட்டும்தான் என்றேன். “எப்படித் தெரிஞ்சுது பதினொண்ணுன்னு?” என்றாள். கை தூக்கச் சொன்னேன் என்றேன். அவள் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். சரி என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். இதை எழுதும்போதும் எனக்கு முகம் சுடுகிறது. திட்டம் நிற்கக் கூடாது என்றுதான் நிரப்பினேன் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பொய்யில்லை. ஆனால் அது மட்டும் போதவில்லை.

அன்றே அவள் தனியாக அந்த மாடிக்குப் போய், இனிமேல் கேட்கவும் மாட்டேன், எழுதவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அந்த அம்மா கேட்டுக்கொண்டாராம். அத்தனை நாள் வராமலிருந்த சிறுமி திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். பை முதுகில், பென்சில் டப்பா கையில். ஆனால் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளைக்கு மட்டும் அவளுக்குத் தலைவலி என்று அம்மாவிடமிருந்து சீட்டு வந்துவிடும். ஸ்கேல் சார் சீட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, வராந்தாவில், வகுப்பு ஜன்னலுக்கு நேர்கீழே ஒரு ஸ்டூலைப் போட்டு, போ, அங்கே உட்கார்ந்து கணக்குப் போடு என்பார். வராந்தா இருபது அடி நீளம். ஸ்டூலை வேறு எங்கே வேண்டுமானாலும் போட்டிருக்கலாம்.

என் வகுப்பின் கதவு திறந்திருந்தால் அந்த ஸ்டூல் எனக்குத் தெரியும். முதல் வாரம் சிறுமி நிஜமாகவே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே மைக் தன் வழக்கமான குரலில் ஏதோ சொல்வது தெரிந்தது. என்ன என்று தெரியவில்லை. பிறகு அவள் ஜன்னலுக்கு வந்ததைப் பார்த்தேன். பாதி உடைந்து கம்பியால் கட்டிவைத்த ஜன்னல் அது. வெளியே எட்டிப் பார்த்தாள். ஸ்டூலைப் பார்த்திருப்பாள். எதுவும் காட்டிக்கொள்ளாமல் திரும்பி நின்று, ஜன்னலுக்கு முதுகைக் கொடுத்து, மறுபடி பேசத் தொடங்கினாள்.

அவள் குரல் எழுந்தது. அத்தனை வருடப் பழக்கத்தில் நான் அவளிடம் கேட்டே இராத குரல். நடுவில் உடைந்தது, இருமினாள், மறுபடி தொடங்கினாள். எங்கள் வகுப்புப் பிள்ளைகள் வாயில் விரலை வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் தலையைச் சாய்த்தார்கள். நான் என் தாளைக் கீழே வைத்துவிட்டேன். சுரங்கத்துக்குள் முதல் நாள் இறங்கியவர்களுக்கு விளக்கு இல்லாமல் போனதைப்பற்றி அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். வராந்தாவில் சிறுமியின் பென்சில் நின்றிருந்தது.

அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். வகுப்பு முடிந்ததும் தொண்டை கட்டி, பஸ்ஸில் சைகையால்தான் டிக்கெட் கேட்பாள். சிறுமியோடு அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தப் பக்கமாகப் போகும்போது நின்றதுகூட இல்லை.

ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ, பாடம் நடுவில் ஸ்கேல் சார் ஒரு துண்டுச் சீட்டோடு உள்ளே வந்தார். ஒரு பிள்ளை கேட்கிறது, யார் என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை என்று சொல்லிச் சீட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். முந்தின வாரம் மைக் ஒரு பெண்ணைப்பற்றிச் சொல்லியிருந்தாள். பதிவேட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு. வயது பதினெட்டு இருக்கலாம். இடது கையில் ஆறு விரல். கல் சுமப்பவள். குறிப்பு: கைக்குழந்தையோடு முகாமை விட்டுப் போனாள். சீட்டில் இருந்தது ஒரே வரி: ‘ஆறு விரல் இருந்தவங்க அப்புறம் எங்க போனாங்க?’

மைக் கேள்வியை வகுப்புக்கு வாசித்துக் காட்டினாள். பிறகு ஜன்னலுக்குப் போய் நின்றாள்.

“தெரியல,” என்றாள், வராந்தாவின் கடைசிவரை கேட்கும்படி. “தேடிப் பாத்தேன். போன இடத்தைப்பத்தி ஒரு வரிகூட இல்ல. முகாம்காரங்களும் அவங்களைத் தேடியிருக்காங்க. ரெண்டு தடவை ஆள் அனுப்பியிருக்காங்க. எங்க போனாங்கன்னு யாரும் எழுதி வைக்காததால யாராலயும் கண்டுபிடிக்க முடியல. அதனால அவங்க பிழைச்சிருக்கலாம். குழந்தையும் பிழைச்சிருக்கலாம்.”

மணி அடித்த பிறகு நான் வெளியே வந்தபோது ஸ்டூல் காலியாக இருந்தது.

அவளுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் அதற்குப் பிறகு மூன்று வெள்ளிக்கிழமைகள்தான் கிடைத்தன. நான்காவது வாரம் அவளுக்குப் பதிலாக இரண்டாம் வருட மாணவன் ஒருவன் வந்தான். மேடம் கையெழுத்திட்ட கடிதத்தில் காரணம் ‘படிவங்கள் முழுமையாக அளிக்கப்படாமை’ என்று இருந்தது. தலைமையாசிரியர் அதை அவளிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டார். ஸ்கேல் சார் வாசல்வரை வந்தார். நாங்கள் பறித்துக்கொண்ட கணக்குப் பாடவேளையைப்பற்றி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. தம் ஸ்கேலைக் கையில் தட்டிக்கொண்டே, உன் ஆள் கணக்கில் ஓர் இடத்தில் கூட்டல் தப்பு, ஒரே நாளில் இறந்தவர்கள் ஒன்பது இல்லை பத்து, நான் சரிபார்த்தேன் என்றார். அவர் பதிவேட்டுத் தாள்கள் அத்தனையும் உட்கார்ந்து வாசித்திருக்கிறார் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அவள் சும்மா இருக்கவில்லை. எட்டுக் கல்லூரிகளுக்குப் போய், எங்களைப்போலப் பள்ளிகளுக்குப் போகிறவர்களைத் தேடிப் பார்த்தாள். அந்த அம்மாவைப்பற்றி யாரிடமும் சொல்லவில்லை. கட்டத்தைக் காலியாக விடுங்கள் என்று மட்டும் கேட்டாள். சிலர் விரட்டினார்கள். நம் சனத்துக்குக் கிடைத்ததைக் கெடுக்க வந்தவள் என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னார். அடுத்த வருடம் பத்தொன்பது பேர் காலியாக விட்டார்கள். அதில் நானும் ஒருத்தி; பெருமைக்காகச் சொல்லவில்லை. திட்டத்துக்கு ஒரு வருடம் பணம் நின்றது. அதில் இரண்டு பள்ளிகளில் வகுப்பே இல்லாமல் போனது. அந்த இரண்டைப்பற்றி அவள் கடைசிவரை வருத்தப்பட்டாள். நான்கு வருடம் கழித்து, பிள்ளைகளிடம் வகுப்பில் இனம் கேட்கக் கூடாது, வருகைப் படிவத்தில் அந்தக் கட்டம் இருக்காது என்று சுற்றறிக்கை வந்தது. அதற்காக மேடமும் இரண்டு தடவை போய் வாதாடினார் என்று பிறகு கேள்விப்பட்டோம். அவர்கள் இரண்டு பேரும் அதற்குப் பிறகு சந்தித்ததாகத் தெரியவில்லை.

சுற்றறிக்கை வந்தபோது அவள் ஊரில் இல்லை. பட்டம் வாங்கி, ஆசிரியப் பயிற்சியும் முடித்து, மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கிற ஒரு சிறிய நகரத்தில் கணக்கு ஆசிரியையாகச் சேர்ந்திருந்தாள். நகல் எடுத்து அனுப்பி வைத்தேன். பதில் வந்தது. சுற்றறிக்கையைப்பற்றி ஒரு வரி, வந்தது, பார்த்தேன் என்று. மிச்சம் முழுக்க என் அப்பாவின் மூட்டுவலி பற்றி விசாரித்திருந்தாள்.

ஒரு முறை ஊருக்கு வந்திருந்தபோது நிற்க இடமில்லாத பஸ்ஸில் அந்த அம்மாவைப் பார்த்தாளாம். தலை நரைத்திருந்ததாம். இவளைக் கண்டதும் அவர் மடியில் இருந்த பையைக் காலடிக்கு மாற்றிக்கொண்டு, ஒதுங்கி, பக்கத்தில் இடம் கொடுத்தார். ஏழு நிறுத்தம் சேர்ந்து உட்கார்ந்து போனார்கள். இறங்கும் முன் அவர், மகள் ஆஸ்பத்திரியில் லேப் வேலைக்குப் படிக்கிறாள் என்று சொன்னார். எங்கள் மொழியில்தான் சொன்னார், ஆனால் மெதுவாக.

இப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது. கணவர் பஸ் பணிமனையில் மெக்கானிக், இரண்டு பெண்பிள்ளைகள். போன வருடம் தொண்டையில் ஒரு கட்டி வந்து அறுவை செய்தார்கள். பயப்படும்படி ஒன்றுமில்லை என்று முடிவு வருவதற்குள் வீட்டில் எல்லாரும் பாதியாகிவிட்டார்கள். எங்கள் மக்களின் வரலாறு இன்றைக்குப் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது, பதினாறு பக்கம். அதை நடத்துவது வேறு ஆசிரியை. இவள் பின்னமும் தசமமும் நடத்துகிறாள்.

போன மாதம் நான் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சாப்பாட்டு மேசை முழுக்க ஏழாம் வகுப்புத் தேர்வுத்தாள்கள். வா, உட்காரு என்று சொல்லி, பாதித் தாள்களை என் பக்கம் தள்ளி, ஒரு சிவப்புப் பேனாவும் கொடுத்தாள். விடை தப்பாக இருந்தாலும் வழி சரியாக இருந்தால் பாதி மதிப்பெண் போடு என்றாள். இருட்டும்வரை இரண்டு பேரும் திருத்திக்கொண்டிருந்தோம்.